மலைநாட்டு ஏற்றத்தில் கெப் வண்டி: டீசலை மிச்சம் பிடிக்க எது உதவும், எது உதவாது?

டபுள் கெப் (திறந்த பின்தட்டுள்ள நாலு கதவு பிக்அப் வண்டி) வைத்திருக்கும் நாலு பேர் ஓரிடத்தில் சேர்ந்தால் பேச்சு கடைசியில் லீற்றருக்கு எத்தனை கிலோமீற்றர் என்பதில்தான் வந்து நிற்கும். பின்தட்டுக்குக் கனோபி போடு என்பார் ஒருவர். டயரை மாற்று என்பார் இன்னொருவர். சுப்பர் டீசல் அடித்துப் பார் என்பார் மூன்றாமவர். 2022இல் இலங்கையில் சாதாரண ஒட்டோ டீசல் லீற்றர் 460 ரூபா வரை ஏறி, எரிபொருள் ஷெட் வாசலில் நாள்கணக்கில் வரிசையில் கிடந்த பிறகு இந்தப் பேச்சுக்குக் கனம் கூடிவிட்டது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025இல்தான் திறந்தது. அதனால் மலையகத்தில் ஓடும் கெப்புகளில் பல வயதானவை. புதியதை வாங்க வழியில்லாதவர், இருப்பதைச் சிக்கனமாக ஓட்டத்தான் வழி தேட வேண்டும்.

சிக்கல் என்னவென்றால், நமக்கு வந்து சேரும் யோசனைகளில் பாதி தட்டையான நெடுஞ்சாலைக்குச் சொல்லப்பட்டவை. கம்பளை, புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறுகிறவருக்கு எது முதல், எது பிறகு என்ற வரிசை அப்படியே தலைகீழ்.

ஏன் என்று பார்ப்போம். சுமார் 2,000 கிலோ எடையுள்ள ஒரு கெப், 20 மீற்றர் போனால் 1 மீற்றர் உயரும் ஏற்றத்தில் ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பின்னோக்கி இழுக்கும் விசை ஏறக்குறைய 100 கிலோ பாரத்துக்குச் சமம். டயர் உருள்வதற்கான தடை 25 கிலோ அளவு. காற்றுத் தடையோ, வளைவுகளில் நாம் போகும் 30 கி.மீ. வேகத்தில் வெறும் 5 கிலோ. அதே காற்று 90 கி.மீ. வேகத்தில் ஒன்பது மடங்காகி 45 கிலோ ஆகிவிடும். கொழும்பு - காலி அதிவேக வீதியில் காற்றுத்தான் எதிரி. இங்கே எதிரி எடை.

கனோபியா, படங்கா, திறந்த தட்டா?

மேற்சொன்ன கணக்கிலேயே இதற்குப் பதில் பாதி வந்துவிட்டது. பின்தட்டை மூடினால் காற்று வழுக்கிப் போகும் என்பது உண்மை. ஆனால் மலை றோட்டில் அந்த 5 கிலோவில் பத்திலொரு பங்கு குறைந்தாலும் டேங்கில் தெரியப்போவதில்லை. ஃபைபர் கனோபி அறுபது எழுபது கிலோவாவது இருக்கும், இரும்பில் அடித்தால் இன்னும் கூட. அந்தப் பாரத்தை ஒவ்வொரு தடவையும் மலைக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். கரட், லீக்ஸ் நனையாமல் இருக்கத்தான் மூடி வேண்டும் என்றால் ஒரு நல்ல படங்கும் கயிறும் போதும்.

பின்பலகையைத் திறந்துவிட்டு ஓடினால் டீசல் மிஞ்சும் என்றொரு நம்பிக்கையும் உண்டு. பலகை மூடியிருக்கும்போது தட்டுக்குள் காற்று ஒரு சுழலாகத் தேங்கி நிற்கும். மேலே வரும் காற்று அதன்மேல் வழுக்கிப் போய்விடும். திறந்துவிட்டால் அந்தச் சுழல் கலையும், சாமானும் விழும். அதை விட்டுவிடுங்கள்.

எடையைக் குறைப்பதா, காலைக் கட்டுப்படுத்துவதா?

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும்தான், அதனால் கொஞ்சம் நின்று பார்க்கிறேன். பேராதனையிலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கும் நுவரெலியாவுக்கு ஏறுவது ஏறக்குறைய 1,400 மீற்றர் உயர்வு. டீசலில் உள்ள சக்தியில் மூன்றிலொரு பங்குதான் சக்கரத்துக்கு வந்து சேரும் என்று எடுத்துக்கொண்டால், 100 கிலோ பாரத்தை அவ்வளவு உயரம் தூக்க 120 மில்லிலீற்றர் அளவு டீசல் செலவாகும். வெறும் வண்டியைத் தூக்கவே இரண்டரை லீற்றருக்குக் கிட்டப் போய்விடும்.

முன்னால் இரும்பு புல் பார், கூரைமேல் ராக், தட்டில் எப்போதோ போட்ட பழைய கியர்பொக்ஸ், ஒரு மூட்டை மணல், இழுவைச் சங்கிலி. இதெல்லாம் சேர்ந்து 100 கிலோ ஆவது பெரிய காரியமில்லை. கழற்றி இறக்க ஒரு சதமும் செலவில்லை. ஆகவே எடைதான் முதல் என்று சொல்லத் தோன்றும்.

இப்போது பிரேக்கைப் பாருங்கள். 40 கி.மீ. வேகத்தில் போகும் 2,000 கிலோ கெப்பை ஒரு தடவை முழுவதுமாக நிறுத்தி, மறுபடி அதே வேகத்துக்குக் கொண்டுவர 11 மில்லிலீற்றர் போல் டீசல் வேண்டும். பஸ்ஸின் பின்னால் ஒட்டிக்கொண்டு போய், அது ஹோல்ட்டில் நிற்கும்போதெல்லாம் நாமும் நின்று, வளைவுக்கு முன் வேகமெடுத்து வளைவில் அழுத்தி அடக்கி என்று ஓட்டினால், பத்துப் பதினொரு பிரேக்கிலேயே அந்த 120 மில்லி கரைந்துவிடும். பேராதனையிலிருந்து நுவரெலியா வரை அப்படி எத்தனை தடவை மிதிக்கிறோம்?

அதனால் என் தீர்ப்பு காலின் பக்கம். தட்டைக் காலியாக்குவது ஒரு நாள் வேலை, அதைச் செய்துவிடுங்கள். ஆனால் பெரிய மிச்சம், முன்னால் போகிற பஸ்ஸுக்கும் நமக்கும் நடுவே இடம் விட்டு, அது நிற்கப் போவது தெரிந்ததும் காலை எடுத்து, நிற்காமல் மெல்ல உருண்டுகொண்டே இருப்பதில்தான். பின்னால் வருகிறவர் ஹோர்ன் அடித்தால் ஒதுங்கி வழிவிடலாம்.

டேங்கைப் பாதி மட்டும் நிரப்பி எடையைக் குறைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். 80 லீற்றர் டேங்கில் பாதி டீசல் 33 கிலோ வரும், முழு ஏற்றத்துக்கும் 40 மில்லிதான் மிஞ்சும். தட்டுப்பாட்டைக் கண்ட நாட்டில் இது தேவையில்லாத சிக்கனம்.

பாரம் எந்தத் திசையில் போகிறது என்பதும் முக்கியம். மரக்கறிக்காரர்களுக்கு மலை உதவி செய்கிறது: கோவாவும் கரட்டும் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு இறங்கிப் போகின்றன, வண்டி வெறுமையாகத் திரும்பி ஏறுகிறது. கீழிருந்து சீமெந்தும் பசளையும் ஏற்றி வருகிறவருக்குத்தான் எடைக் கணக்கு கடிக்கும்.

இறக்கத்தில் நியூட்ரலா, கியரா?

இதில் சமநிலையாகப் பேச எனக்கு மனமில்லை. நியூட்ரலில் போட்டு இறங்குவது கூடவே கூடாது. உயிருக்கு ஆபத்து என்பது ஒரு பக்கம், அதில் டீசலும் மிஞ்சுவதில்லை. கியரில் போட்டபடி எக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், கம்ப்யூட்டர் டீசலை அளந்து தெளிக்கும் புதிய கொமன் ரெயில் எஞ்சினில் அந்தக் கம்ப்யூட்டர் டீசலை முற்றாக நிறுத்திவிடும். பழைய பம்ப் எஞ்சினிலும் டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அதே வேலையைச் செய்யும். எஞ்சினைச் சுழற்றுவது உருளும் சக்கரம்தான். நியூட்ரலில் போட்டால் எஞ்சின் தானாக ஓட வேண்டும், அதற்கு மணித்தியாலத்துக்கு அரை லீற்றருக்கு மேல் குடிக்கும். எஞ்சினையே நிறுத்திவிட்டு இறங்கினால் பவர் ஸ்டியரிங்கும் போய்விடும், பிரேக்குக்கு உதவும் வெற்றிடமும் இரண்டு மூன்று மிதியில் தீர்ந்துவிடும். கடுகண்ணாவையிலோ கினிகத்தேனையிலோ அப்படி இறங்குகிறவர் தன்னை மட்டும் ஆபத்தில் தள்ளவில்லை.

மெதுவான சரிவில் கியர் இழுத்துப் பிடிக்கிறது, நியூட்ரலில் இன்னும் தூரம் உருளுமே என்பார்கள். அங்கே ஒரு கியர் மேலே போடுங்கள், அது போதும். செங்குத்தான இறக்கத்தில், ஏறும்போது எந்தக் கியர் தேவைப்பட்டதோ அதே கியர்.

ஏற்றத்திலும் இரண்டு கட்சி உண்டு. மேல் கியரிலேயே வைத்து முக்கி முக்கி ஏறுவது ஒன்று, முதல் கியரில் அலறவிடுவது மற்றது. இரண்டும் வீண். பெரும்பாலான டீசல் கெப்புகளுக்கு நிமிடத்துக்கு 1,800 முதல் 2,200 சுற்று வரைதான் இழுவையும் சிக்கனமும் கூடும் இடம். 1,300க்குக் கீழே மிதித்துத் தள்ளினால் எஞ்சினுக்குக் கூடுதல் காற்றைத் தள்ளும் டர்போவும் எழும்பாது, எரியாத டீசல் கரும்புகையாகப் போகும். நுவரெலியா உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையைவிட ஆறிலொரு பங்குக்கு மேல் குறைவு. டர்போ இல்லாத பழைய எஞ்சினுக்கு அங்கே மூச்சு இன்னும் திணறும், ஆகவே அதை ஓட்டுகிறவர்கள் சீக்கிரமே கியரை இறக்க வேண்டும். ஒட்டோ கியர் வண்டி வளைவுக்கு வளைவு கியர் தேடி அலைந்தால், கையால் மூன்றிலோ இரண்டிலோ பிடித்து வைப்பது நல்லது.

டயர்

சேற்று டயர் போட்ட கெப் பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கும். ஆனால் அது கனம், உருளும் தடையும் கூட. தோட்டத்து மண் பாதையில் தினமும் போகிறவருக்கு மண்ணுக்கும் தாருக்கும் பொதுவான ஓல் டெரெய்ன் டயரே போதும், தார் றோட்டு மட்டும் என்றால் சாதாரண டயர். அளவு பெரிய டயர் போட்டால் இன்னொரு குழப்பம் வரும்: மீற்றர் உண்மையான தூரத்தைவிடக் குறைவாகக் காட்டும், கணக்கில் வண்டி கூடக் குடிப்பதுபோல் தெரியும். கியர் விகிதமும் உயர்ந்துவிடுவதால் ஏற்றத்தில் எஞ்சின் முக்கும்.

டயரில் காற்று 1 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறைந்தால் எரிபொருள் செலவு 0.2% கூடும் என்பது பொதுக் கணக்கு. அதாவது 5 பிஎஸ்ஐ குறைந்தால் 1%. கொழும்பில் காற்று அடித்துவிட்டு நுவரெலியாவுக்குப் போனால் குளிரில் காற்று இறங்கிவிடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. குளிரால் இரண்டு பிஎஸ்ஐ அளவு குறையும். ஆனால் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவதால் மானி கிட்டத்தட்ட அதே அளவு கூட்டிக் காட்டும். ஒன்றுக்கொன்று சரியாகிவிடும். கதவோரம் ஒட்டியிருக்கும் அளவைப் பின்பற்றினால் சரி. சிக்கனம் என்று சொல்லி அதைத் தாண்டி அடிக்காதீர்கள். வெறும் தட்டோடு மழை வளைவில் போகும் கெப்பின் பின்பக்கம் ஏற்கெனவே இலேசு, டயரும் கல்லாக இருந்தால் வழுக்கும்.

கராஜில் செலவழிப்பது

எஞ்சின் சூடாகிறது என்று போனால் சில கராஜ்களில் எஞ்சின் சூட்டை ஒரே அளவில் வைக்கும் தேர்மோஸ்டட்டைக் கழற்றி வீசிவிடுவார்கள். வண்டி அதற்குப் பிறகு சூடாகாது, உரிமையாளருக்கும் திருப்தி. சராசரி வெப்பநிலையே 16 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் ஊரில் அந்த எஞ்சின் நாள் முழுக்கக் குளிர்ந்தே ஓடும். குளிர்ந்த எஞ்சினில் எண்ணெய் தடிப்பாக இருக்கும், உராய்வு கூடும், டீசல் முழுதாக எரியாது. காலையில் பத்து நிமிடம் ஸ்டார்ட்டில் விட்டுச் சூடாக்குவதும் இதே வகை வீண்தான்; அரை நிமிடம் விட்டு மெதுவாக ஓட்டத் தொடங்கினால் அது வேகமாகச் சூடாகும். விலை குறைந்த ஒரு தேர்மோஸ்டட்டைத் திரும்பப் போடுவது, எஞ்சின் கம்ப்யூட்டரின் கட்டளைகளை மாற்றும் ரீமேப்புக்குப் பெருந்தொகை கொடுப்பதைவிட எவ்வளவோ மேல். ரீமேப் இழுவையைக் கூட்டும், உண்மைதான். கூடிய இழுவையை மிதித்து அனுபவிக்காமல் விடுகிற சாரதியைக் காண்பது அரிது. தவறாகச் செய்தால் கிளச்சும் தேயும், புகைப் பரிசோதனையிலும் வண்டி தேறாது.

இறக்கங்களில் பிரேக் அதிகம் வேலை செய்யும் ஊர் இது. பிரேக் கட்டையை அழுத்தும் கெலிப்பர் இறுகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும் வண்டிகள் நிறைய. தட்டையான இடத்தில் பிரேக் அதிகம் போடாமல் சிறிது தூரம் ஓடி நிறுத்தி, நாலு சக்கரத்துக்குப் பக்கத்திலும் கையைக் காட்டிப் பாருங்கள். ஒன்று மட்டும் அனல் வீசினால் அதுதான் குற்றவாளி.

சுப்பர் டீசல், மருந்து, காந்தம்

சுப்பர் டீசலில் கந்தகம் குறைவு, ஆனால் சக்தி அதிகமில்லை. புதிய எஞ்சினுக்கும் அதன் வடிகட்டிக்கும் அது தேவை, அதற்காகப் போடுங்கள். மைலேஜ் கூடும் என்று பழைய எஞ்சினுக்குப் போடுவதில் பயனில்லை. டீசல் குழாயில் கட்டும் காந்தமும் டேங்கில் ஊற்றும் அதிசயத் திரவமும் வாங்கும் காசை நேரே ஷெட்டில் கொடுத்துவிடலாம். இப்படியான நூற்றுக்கு மேற்பட்ட கருவிகளை அமெரிக்காவின் சுற்றாடல் பாதுகாப்பு முகவரகம் பரிசோதித்தது. மிகச் சிலவற்றில்தான் கொஞ்சமாவது முன்னேற்றம் தெரிந்தது.

எதைச் செய்தாலும் அளந்து பாருங்கள். டேங்கை நிரப்பி, போய்த் திரும்பி வந்து, அதே ஷெட்டில் மறுபடி நிரப்ப வேண்டும். இறக்கத்தை மட்டும் அளந்தால் எந்தக் காந்தமும் அற்புதம் செய்ததாகத் தெரியும்.

கெப்பா, பட்டா லொறியா?

கடைசியாக, பலர் கேட்கத் தயங்கும் ஒப்பீடு. ஐந்நூறு கிலோ உருளைக்கிழங்கை ஏற்ற இரண்டாயிரம் கிலோ வண்டியை மலைக்கும் பள்ளத்துக்கும் ஓட்டுகிறோம். நாம் பட்டா என்று சொல்லும் சின்ன டாட்டா லொறி ஒரு டன்னுக்கும் குறைவு, 750 கிலோ அளவு ஏற்றலாம். எடைதான் எதிரி என்றால் எந்த மாற்றமும் இதற்கு ஈடாகாது. ஆனால் அதன் எஞ்சின் சின்னது, 16 குதிரைவலுதான். நானுஓயா ஏற்றத்தில் பாரத்தோடு ஊர்ந்துதான் போகும். நாலு சக்கர இழுவையும் இல்லை, குடும்பத்தை ஏற்ற இடமும் இல்லை. மழைநாளில் தோட்டத்துச் சேற்றுப் பாதையிலிருந்து ஒரு நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டி வரலாம் என்றால் கெப் வேண்டும். நாள் தவறாமல் மூட்டை மட்டும்தான், தார் றோட்டு மட்டும்தான் என்றால் பட்டாவை வாங்கி அந்த வேலைக்கு விட்டுவிட்டு, கெப்பைத் தேவையான நாளுக்கு எடுங்கள்.