ஃபிரான்சைஸ் ஆங்கிலப் பள்ளியில் நான்கு ஆண்டுகள்: சேரும் முன் நான் பார்க்கத் தவறியவை

ஒரே நிறுவனத்தின் பெயரில் நடக்கும் இரண்டு ஆங்கிலப் பள்ளிகளில், வெளிநாட்டில், நான்கு ஆண்டுகள் கற்பித்திருக்கிறேன். முதல் கிளையில் பதினாறு மாதம், மீதிக் காலம் இரண்டாவதில். இரண்டிலும் அதே பாடப்புத்தகம், அதே தேர்வு முறை, சுவரில் அதே நிறம். முதல் கிளையில் பல மாதங்கள் சம்பளம் எப்போது வரும் என்று கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். இரண்டாவதில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இவ்வளவு வித்தியாசம் ஏன் என்பது எனக்குத் தாமதமாகத்தான் புரிந்தது. கிளம்பத் தயாராக இருப்பவர்களுக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஃபிரான்சைஸ் என்றால் என்ன என்பதிலிருந்தே தொடங்குகிறேன். பிராண்ட் நிறுவனம் தன் பெயரையும் பாடத்திட்டத்தையும் உள்ளூரில் முதலீடு செய்யும் ஒருவருக்குப் பயன்படுத்தக் கொடுக்கிறது. அவர் நுழைவுக் கட்டணமும், வருமானத்தில் ஒரு பங்கும் கட்டுகிறார். இடம் பிடிப்பது, மாணவர் சேர்ப்பது, ஆசிரியருக்குச் சம்பளம் கொடுப்பது, விசாவுக்கு ஸ்பான்சர் செய்வது எல்லாம் அவர் பொறுப்பு. அதாவது, நமக்கு வேலை கொடுப்பவர் அவர்தான். நானோ நேர்காணலுக்கு முன் ஒரு வாரம் முழுக்க பிராண்டின் வரலாற்றைப் படித்தேன். கிளை முதலாளியின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட கம்பெனியின் பெயர் நான் அதுவரை கேள்விப்படாத ஒன்று. அப்போதாவது நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும்.

பதினோராவது மாதம் முதலாளி கிளையை விற்றுவிட்டார். புதியவர் நல்லபடியாகவே பேசினார். ஆனால் ஓராண்டு முடித்தால் தருவதாகச் சொன்ன போனசும் திரும்பிப் போகும் விமான டிக்கெட்டும் பழைய கம்பெனி கொடுத்த வாக்கு, தன்னுடையது அல்ல என்றார். பிராண்டின் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். வேலை தொடர்பான விஷயங்கள் உங்களுக்கும் கிளைக்கும் இடையிலானவை என்று இரண்டு வரியில் பதில் வந்தது. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் அதில் அப்படித்தான் இருந்தது. என் விசாவும் பழைய கம்பெனியின் பெயரில் இருந்ததால் அதையும் மாற்ற வேண்டியதாயிற்று. அந்த ஆறு வாரமும் சம்பளம் இல்லாமல் காத்திருந்தேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுதாக அடங்கவில்லை.

பெரிய பெயர் என்பதால் காசு பத்திரம் என்று நினைப்பதும் தவறு. ஜப்பானில் நோவா என்ற மிகப் பெரிய ஆங்கிலப் பள்ளி நிறுவனம் 2007 அக்டோபரில் நொடித்தது. ஆயிரக்கணக்கான வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பள பாக்கியோடு நின்றார்கள். மாணவர்கள் நீண்ட காலத்துக்கான கட்டணத்தை முன்கூட்டியே கட்டியிருந்தார்கள். பாதியில் விலகியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தரும் முறையில் தகராறு வந்து, அந்த ஆண்டு ஜூனில் அரசு நீண்ட கால ஒப்பந்தங்களில் புதிதாகச் சேர்ப்பதை ஆறு மாதம் நிறுத்தி வைத்தது. புதுப் பணம் வருவது குறைந்ததும் சம்பளம் தடுமாறத் தொடங்கியது. இதில் நமக்கான கேள்வி ஒன்று இருக்கிறது: நீங்கள் போகும் கிளையில் மாணவர் மாதக் கட்டணம் கட்டுகிறாரா, அல்லது ஓராண்டு, ஈராண்டுக்கு மொத்தமாகவா? மொத்தமாக வாங்கிய பணத்தில் அடுத்த கிளையைத் திறக்கும் முதலாளியிடம், சேர்க்கை குறையும் மாதத்தில் சம்பளத்துக்குப் பணம் இருக்காது. என் முதல் முதலாளி செய்தது அதைத்தான்.

அப்புறம் நேரக் கணக்கு. ஒப்பந்தத்தில் வாரம் 25 மணி என்று இருந்தது. குறைவுதான் என்று சந்தோஷப்பட்டேன். போன பிறகுதான் தெரிந்தது, அது வகுப்பெடுக்கும் நேரம் மட்டும். அங்கே ஒரு வகுப்பு 45 நிமிடம். ஆக 25 மணி என்றால் வாரத்துக்கு 33 வகுப்பு. இடையில் இருக்கும் இடைவெளி, தயாரிப்பு, திருத்தல் எதுவும் கணக்கில் இல்லை. புதிய மாணவரை ஈர்க்க நடத்தும் டெமோ வகுப்பும் கணக்கில் இல்லை. சனி, ஞாயிறுகளில் அதுதான் பெரிய வேலை. 'மணி' என்றால் அறுபது நிமிடமா, ஒரு வகுப்பா, பள்ளியில் எத்தனை மணி நேரம் இருக்க வேண்டும், டெமோவுக்குச் சம்பளம் உண்டா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இதைவிட நல்ல வழி, இப்போது அங்கே வேலை செய்பவரின் போன வார அட்டவணையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்வது. தயங்குகிற பள்ளியில் ஏதோ இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வேன்.

விசா பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுற்றுலா விசாவில் வாருங்கள், பிறகு மாற்றித் தருகிறோம் என்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட்டைக் கொடுத்து வைக்கச் சொன்னால் கொடுக்காதீர்கள். பள்ளியை ஆராயும் முன்பே, உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அந்த நாட்டில் இந்த வேலை கிடைக்குமா என்றும் பாருங்கள். தென்கொரியாவின் இ-2 விசா, ஆங்கில ஆசிரியர் என்றால், பொதுவாக அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா ஆகிய ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான். எவ்வளவு நன்றாகக் கற்பிப்பவராக இருந்தாலும் இந்த இடத்தில் திறமை உதவாது. பட்டச் சான்றிதழுக்கு அப்போஸ்டில் முத்திரை (சான்றிதழ் உண்மையானதுதான் என்று வெளிநாட்டுக்கு உறுதி சொல்லும் அரசு முத்திரை) வாங்கவும் வாரக்கணக்கில் ஆகலாம். வேலை உறுதியாகும் வரை காத்திருக்காமல் அதைத் தொடங்கிவிடுவது நல்லது.

இரண்டாவது கிளையை நான் தேர்ந்தெடுத்த விதம் வேறு. முதலாளியும் நேர்காணலில் இருக்க வேண்டும் என்று கேட்டேன். வந்தார். இப்போது வேலை செய்யும் ஒருவர், விலகிப் போன இருவர் என மூன்று பேரின் மின்னஞ்சல் கேட்டேன். விலகியவர்களின் முகவரியைத் தருவார்களா என்று சந்தேகமாக இருந்தது, ஆனால் தந்தார்கள். இருவரிடமும் ஒரே கேள்வி: 'கடைசி மாதச் சம்பளம் எப்போது வந்தது?' ஒருவர் தேதியையே சொன்னார். இன்னொருவர், முதலாளி கறார்காரர், விடுமுறை கேட்டால் முகம் சுளிப்பார், ஆனால் கணக்கில் சுத்தம் என்றார். அந்தப் பதில் எனக்குப் பிடித்தது. குறையே சொல்லாமல் புகழ்ந்திருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கிளை கைமாறினால் இந்த ஒப்பந்தம் புதிய முதலாளியையும் கட்டுப்படுத்தும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சேர்த்தார்.

சரி, ஃபிரான்சைஸ் பள்ளியே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். புதிதாகக் கற்பிக்க வருபவருக்குப் பாடம் தயாராகக் கையில் இருப்பது பெரிய உதவி. ஆங்கிலம் கற்பிப்பதற்கான செல்டா (CELTA) என்ற சான்றிதழ்ப் படிப்பைப் படித்துவிட்டுத்தான் போனேன். 120 மணி நேரப் பயிற்சி, அதில் ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு வகுப்பெடுக்க வேண்டும். நல்ல பயிற்சிதான், ஆனால் ஆறு மணி நேரத்தில் யாரும் ஆசிரியர் ஆகிவிடுவதில்லை. இரண்டாவது கிளையில் மூத்த ஆசிரியர் ஒருவர் மாதம் ஒருமுறை என் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுப்பார். முதல் முறை அவர் சொன்னது, நான் கேள்வி கேட்டுவிட்டு இரண்டு நொடிகூடப் பொறுக்காமல் நானே பதில் சொல்லிவிடுகிறேன் என்பது. அதைத் திருத்திக்கொள்ள எனக்கு ஒரு பருவம் பிடித்தது. முதல் கிளையில் பதினாறு மாதமும் என் வகுப்புக்குள் யாரும் எட்டிப் பார்த்ததில்லை. மாணவர்கள் தொடர்ந்து பணம் கட்டினால் போதும். அதனால் நேர்காணலில் நான் இப்போது கேட்கும் கடைசிக் கேள்வி, என் வகுப்பை யார் பார்ப்பார், எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதுதான்.

அந்தக் கிளையிலிருந்தும் விலகிவிட்டேன். விண்ணப்பிப்பவர்களுக்கு இப்போது என் மின்னஞ்சலைக் கொடுக்கிறார்கள். சென்ற மாதம் ஒருவர் எழுதிக் கேட்டார். சனிக்கிழமை ஏழு வகுப்பு, ஞாயிறு விடுமுறை இல்லை, திங்களும் செவ்வாயும் விடுமுறை, கடைசி மாதச் சம்பளம் நான் கிளம்புவதற்கு முந்தைய நாள் வந்தது என்று எழுதினேன். அவர் அட்டவணையின் படத்தையும் கேட்டார். அனுப்பிவிட்டேன்.