ஆடியில் குமரிமுனையில் சூரியன் கடலில் அடையாது

கன்னியாகுமரி லாட்ஜில் அறை வாடகைக்கு மேல் 1,200 ரூபாய் கூடுதலாக வாங்கினார்கள். பால்கனியில் நின்றால் சூரியன் கடலில் மறைவது தெரியுமாம், அதற்காக. மாலை ஆறே முக்காலுக்கு நானும் கணவரும் அம்மாவும் மகனும் அந்தப் பால்கனியில் நெருக்கியடித்து நின்றோம். எதிரே கடல் இருந்தது. சூரியன் மட்டும் வலதுபுறம் ஒதுங்கி, பக்கத்து லாட்ஜ் மொட்டைமாடியில் இருந்த கறுப்புத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இறங்கிப் போய்விட்டது.

இதற்கா இவ்வளவு வருத்தம் என்று உள்ளூர்க்காரர்கள் கேட்கலாம். நாங்கள் இருப்பது ஸ்காட்லாந்தில், அபர்தீனில். அந்த ஊருக்குக் கடல் கிழக்கே. டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்கு வரும் சூரியன் மதியம் மூன்றரைக்கே போய்விடும். ஜூனில் இரவு பத்து மணிக்குத்தான் அடையும். ஆனால் எந்த மாதமானாலும் அது போய் மறைவது நிலத்துக்குப் பின்னால்தான். என் மகனுக்கு ஒன்பது வயது. கடலில் சூரியன் விழுவதை அவன் கண்டதே இல்லை. "ஆச்சி ஊரில் காலையில் கடலில் எழும்புவதையும் சாயங்காலம் கடலில் விழுவதையும் ஒரே ஊரில் பார்க்கலாம்" என்று மூன்று வருடமாக அவனிடம் சொல்லி வைத்திருந்தேன்.

நான் சொன்னது பொய்யும் இல்லை. சின்ன வயதில் அரையாண்டு விடுமுறை விட்டதும் அப்பா எங்களை நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏற்றிக் கூட்டிப்போவார். சங்கமத்தில் கால் நனைத்துவிட்டு மேற்கே நடப்போம். சிவப்புத் தட்டு போல சூரியன் தண்ணீரைத் தொடும், கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். சித்ரா பௌர்ணமி அன்று தூக்குவாளியில் புளிச்சோறு கட்டிக்கொண்டு போவோம். மேற்கே சூரியன் இறங்கும்போதே கிழக்கே நிலா எழும்பும். எந்தப் பக்கம் பார்ப்பது என்று தெரியாமல் நாங்கள் தலையைத் திருப்பிக்கொண்டே இருப்போம். ஜூலையில் மட்டும் ஒரு தடவைகூடப் போனதில்லை. அப்போது பள்ளிக்கூடம் நடக்கும். இப்போதோ ஸ்காட்லாந்தில் ஜூலையில்தான் பள்ளி விடுமுறை, டிக்கெட்டும் அப்போதுதான் போட முடிகிறது.

கீழே வரவேற்பு மேசையில் பளபளவென்று ஒரு படம் ஒட்டியிருந்தார்கள். நடுக்கடலில் பாதி முங்கிய சூரியன். அதைக் காட்டிக் கேட்டேன்.

"கடல் தெரியுதுல்லா மேடம், அதான் சன்செட் வியூ" என்றார் அங்கிருந்தவர்.

"சூரியன் தெரியவில்லையே?"

"சூரியனுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?"

பணம் திரும்ப வரவில்லை. பணம்கூடப் போகட்டும். தெரிந்துகொண்டே சொல்லாமல் விட்டார்களே என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வருடம் முழுக்க அங்கேயே இருப்பவருக்குச் சூரியன் எங்கே போகிறது என்று தெரியாதா? அபர்தீன் பக்கம் சின்ன மீன்பிடி ஊரில்கூட அலை ஏறும் நேரம், இறங்கும் நேரம் எல்லாம் துறைமுகச் சுவரில் ஒட்டியிருக்கும். முக்கடல் சேரும் ஊரில், எந்த மாதம் எங்கே நின்றால் என்ன தெரியும் என்று ஒரு பலகை வைத்தால் எத்தனை குடும்பத்துக்கு உதவும்!

அறைக்குத் திரும்பினால் அம்மா கட்டிலில் உட்கார்ந்து மட்டிப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். "ஆடியில இங்க எப்படி மக்கா கடல்ல அடையும்? அது வடக்க ஒதுங்கில்லா நிக்கும்" என்றாள். முன்பே சொல்லியிருக்கலாமே என்றேன். "நீ கேக்கல்லியே."

அவள் சொன்னதுதான் முழுக் கணக்கும். முனையிலிருந்து கோவளம், மணக்குடி, முட்டம் என்று கரை ஏறக்குறைய நேர் மேற்கே போகிறது, சற்றே வடக்கே சாய்ந்து. சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் ஐப்பசி முதல் மாசி வரை அது கரைக்கு இடப்பக்கம், கடலில் விழும். ஆனியிலும் ஆடியிலும் வடமேற்கே போய்விடும். ஆடி ஒன்றாம் தேதி தட்சிணாயனம் பிறந்தாலும் அது தெற்கே வந்து சேர இன்னும் நாள் இருக்கிறது. ஆகவே விழுவது தென்னைக்கும் வீட்டுக்கும் பின்னால். உதயத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. முனைக்குக் கிழக்கே கரை வடக்கு நோக்கித் திரும்பிவிடுவதால், முனையில் நின்று பார்த்தால் எந்த மாதமும் கடலில்தான் எழும்பும். டிசம்பரில் விவேகானந்தர் பாறைப் பக்கம் எழும்பும் சூரியன் ஜூலையில் இடப்பக்கம் வெகுதூரம் தள்ளி எழும்பும், அவ்வளவுதான் வித்தியாசம்.

மறுநாள் காலை ஐந்தரைக்கு, உதயம் பார்க்க, லாட்ஜ் பையன் ஒருவன் கதவைத் தட்டி எழுப்பினான். அந்தப் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது, சந்தோஷம். 6.10க்கு உதயம், மேகம் கொஞ்சம். நேரத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். வருடம் முழுக்க உதயம் ஆறுக்கும் ஆறே முக்காலுக்கும் நடுவில்தான். அஸ்தமனமும் கிட்டத்தட்ட மாலை ஆறிலிருந்து ஆறே முக்காலுக்குள். அபர்தீனில் ஜூன் பகலுக்கும் டிசம்பர் பகலுக்கும் பதினோரு மணி நேர வித்தியாசம். இங்கே ஒரு மணி நேரம்கூட இல்லை.

அறையைக் காலி செய்துவிட்டுக் காரில் ஏறும்போது, ஓட்டி வந்த தம்பியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே, "முட்டம் போவோம் அக்கா. சொத்தவிளை பீச்சுல நின்னாலும் இப்ப சூரியன் கரைக்குத்தான் போவும். முட்டத்துக்கு அங்கிட்டு கரை வடக்க வளையும், அங்கதான் கடல்ல அடையும். இல்லன்னா தேங்காப்பட்டணம்" என்றார். லாட்ஜில் ஒருவர் சொல்லாததை, எங்களிடம் ஒரு பைசா கூடுதலாக எதிர்பார்க்காத ஒருவர் சொன்னார். நாங்கள் நாகர்கோவில் போய்ச் சாப்பிட்டு, அம்மாவைக் கொஞ்சம் படுக்கவைத்துவிட்டு, ஐந்து மணிக்குக் கிளம்பினோம்.

முட்டத்தில் ஜூலை கடைசி வரை மீன்பிடித் தடைக்காலம். துறைமுகத்தில் விசைப்படகுகள் தோளோடு தோள் உரசிக் கட்டிக்கிடந்தன. ஒரே மாவட்டத்தில், கிழக்குக் கரையில் இருக்கும் சின்னமுட்டத்துக்கு ஏப்ரல் பாதியிலிருந்து தடை, மேற்குக் கரையான இங்கே ஜூனில்தான் தொடக்கம். ஆடிக்காற்று அடித்த அடியில் அம்மாவின் சேலைத் தலைப்பு நிற்கவில்லை. கலங்கரை விளக்கத்துக்குக் கீழே பாறையில் உட்கார்ந்தோம். மகன் கையில் பழபஜ்ஜி, எண்ணெய் ஊறிய காகிதத்தோடு.

ஆறரைக்கு மேற்கே முழுக்க மேகம். சரி, இதுவும் போயிற்று என்றே நினைத்தேன். ஆறே முக்காலுக்குச் சற்று முன் மேகத்தின் அடிவிளிம்புக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு விரல் அகலத்துக்கு இடைவெளி திறந்தது. அதற்குள் சூரியன் இறங்கி வந்தது. கீழ்ப்பக்கம் சப்பையாகி, ஆரஞ்சாகி, தண்ணீரைத் தொட்டது. பஜ்ஜியைக் கடித்த மகன் அதை மெல்லவே மறந்து நின்றான். சூரியனின் கடைசித் துண்டு மறையும்வரை யாரும் பேசவில்லை.

"சத்தம் கேக்கும்னு நினைச்சேன்" என்றான். அம்மா அவன் கையில் இருந்த எண்ணெயைத் தன் தலைப்பில் துடைத்துவிட்டாள். நாங்கள் இறங்கி வரும்போது கலங்கரை விளக்கு சுற்றத் தொடங்கியிருந்தது.