ஊருணித் தண்ணீரும் காய்ந்த மொச்சையும்: ஏழாண்டு அனுபவம்

தேனிப் பக்கத்திலிருந்து திருமணமாகி, தேவிபட்டினத்துக்கு அருகில் உள்ள ஒரு கடற்கரை ஊருக்கு நான் வந்து ஏழு ஆண்டுகள் ஆகின்றன. சீர்வரிசையில் வந்த ஐந்து லிட்டர் அலுமினியக் குக்கரில்தான் இன்றுவரை வாரத்துக்கு மூன்று நாளாவது ஏதேனும் ஒரு காய்ந்த பயறு வேகிறது. விசைப்படகுகள் கடலுக்குப் போகாத தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்களில், எங்கள் வீட்டில் கருவாடும் மொச்சையும்தான் பெரும்பாலும் குழம்பு என்பதால் அந்த வேலை இன்னும் கூடிவிடும். இத்தனை நாள் புழங்கியதில் பயறு, குக்கர், உப்பு, சோடா, தண்ணீர் ஆகிய ஐந்தைப் பற்றியும் எனக்கு ஒரு முடிவான கருத்து ஏற்பட்டிருக்கிறது. அவற்றுள் தண்ணீரைப் பற்றியதுதான் முதன்மையானது.

வந்த புதிதில் என் சமையலில் மொச்சை வேகவே இல்லை. பிறந்த வீட்டில் இரவு ஊறப்போட்டுக் காலையில் நான்கு விசில் விட்டால் வெண்ணெய்போல் குழைந்த அதே மொச்சை, அம்மா கொடுத்தனுப்பிய அதே மூட்டையிலிருந்து எடுத்தது, இங்கே பத்து விசிலுக்குப் பிறகும் பல்லில் நறநறத்தது. முதலில் குக்கரின் ரப்பர் வளையத்தைச் சந்தேகித்துப் புதிதாக மாற்றினேன். பிறகு வெயிட்டை மாற்றினேன். அதன்பின் பயறு பழசாகிவிட்டது என்று எண்ணி, கடையில் புதிதாக வாங்கிப் பார்த்தேன். அது அம்மா தந்ததைவிட மோசமாக இருந்தது. இதையெல்லாம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்த என் மாமியார், ஒருநாள் வாசலில் மீன் ஆய்ந்துகொண்டே, "பயறைச் சொல்லிக் குத்தமில்ல தாயி. போர்த் தண்ணியில பருப்பே வேகாது, மொச்சை எங்கிட்டு வேகும்?" என்றார்.

ராமநாதபுரம் சீமையில் ஊருணி என்பது வெறும் குளமன்று. மழைநீரைக் குடிப்பதற்கென்றே தேக்கி, கால்நடை இறங்காமல் காத்து வைக்கும் நீர்நிலை. வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைத் துணி துவைக்கவும் பாத்திரம் கழுவவும் வைத்துக்கொண்டு, உலைக்கும் பருப்புக்கும் ஊருணித் தண்ணீரைக் குடத்தில் சுமந்து வந்த பழைய வழக்கம் எதனால் என்று எனக்கு அன்றுதான் புரிந்தது. மறுநாளே ஒரு சோதனை செய்தேன். ஒரே மூட்டையிலிருந்து மூன்று ஆழாக்கு மொச்சை எடுத்து, ஒன்றைப் போர்த் தண்ணீரிலும், ஒன்றை ஊருணித் தண்ணீரிலும், மூன்றாவதைத் தள்ளுவண்டியில் குடம் கணக்கில் விற்கும் ஆர்.ஓ. தண்ணீரிலும் இரவு முழுவதும் ஊறவைத்தேன். காலையில் மூன்றையும் அந்தந்தத் தண்ணீரோடு சிறு கிண்ணங்களில் ஊற்றி, ஒரே குக்கருக்குள் வைத்து வேகவைத்தேன். திறந்து பார்த்தபோது, ஊருணித் தண்ணீர் மொச்சையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து லேசாக அழுத்தியதும் தோல் வழுக்கிக் கழன்று உள்ளே இருந்தது மாவாக நசுங்கியது. ஆர்.ஓ. தண்ணீரிலும் அப்படியே. போர்த் தண்ணீர் மொச்சையோ இரண்டாகப் பிளந்தது. பிளந்த முகத்தின் நடுவில் சுண்ணாம்புப் பொட்டு வைத்ததுபோல் வெள்ளையாக ஒரு வேகாத புள்ளி இருந்தது.

காரணம் எளியது. பயறின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருப்பது பெக்டின் என்னும் பசை. சூட்டில் அது கரைந்தால்தான் பயறு குழையும். கடினநீரில் உள்ள கால்சியமும் மெக்னீசியமும் அந்தப் பசையோடு சேர்ந்து இறுகிக்கொள்வதால், அது கரைவது தடைபடுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவில் கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காத இடங்களில் 600 வரை அனுமதி உண்டு. எங்கள் போர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்த பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைப் பொருக்கைப் பார்த்தாலே அளந்து பார்க்க வேண்டிய தேவை இல்லை. கையடக்க டி.டி.எஸ். மீட்டர் ஒன்றை வாங்கியும் பார்த்தேன். அது கரைந்துள்ள எல்லா உப்புகளையும் கூட்டிச் சொல்லுமே தவிர, அதில் எவ்வளவு சோடியம், எவ்வளவு கால்சியம் என்று பிரித்துக் காட்டாது. பயறு வேகுமா என்று அறிய அதை நம்புவதில் பயனில்லை. போர்த் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, தெளிந்த மேல்நீரை மட்டும் எடுத்துப் பயன்படுத்தினால் ஓரளவு பலன் தெரிகிறது. எரிவாயு விலையை எண்ணினால் ஒரு குடம் நல்ல தண்ணீர் வாங்குவதே மலிவு.

உப்பைப் பற்றி என் அம்மா சொன்னதும் நான் கண்டதும் வேறு வேறு. பயறு வேகுமுன் உப்புப் போட்டால் வேகாது என்பது அம்மாவின் உறுதியான கட்சி. நானோ இப்போது ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி உப்புக் கரைத்துத்தான் ஊறவே போடுகிறேன். சோடியம், தோலில் உள்ள கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்வதால் தோல் மிருதுவாகிறது. கொண்டைக்கடலையில் தோல் கிழியாமல் முழுதாக வேகிறது. வாலிநோக்கம் உப்பளத்துப் பக்கத்திலிருந்து வரும் கல் உப்பில் மெக்னீசியம் கொஞ்சம் இருக்கும் (மழைக்காலத்தில் ஜாடியில் கசிவது அதனால்தான்) என்று முதலில் தயங்கினேன்; ஆனால் அந்த அளவுக்கு எந்த வேறுபாடும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஆப்ப சோடாவை நான் கைவிட்டுவிட்டேன். ஒரு சிட்டிகை போட்டால் போர்த் தண்ணீரிலும் பயறு வேகும் என்பது உண்மை. ஆனால் அதன் காரத்தன்மையால் தையமின் என்னும் வைட்டமின் சிதைகிறது, பயறு சோப்புத் தண்ணீர்போல் ருசிக்கிறது, அலுமினியக் குக்கரின் உட்புறம் கறுத்தும் போகிறது. கறுத்ததைப் புளித்தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்துப் போக்க ஒரு மதியம் ஆனது.

விசில் எண்ணுவதையும் விட்டுவிட்டேன். தீயை ஏற்றினால் ஐந்து நிமிடத்தில் ஆறு விசில் வரும், தணித்தால் அதே நேரத்தில் ஒன்றுகூட வராது. ஆகவே விசில் ஒரு கணக்கே அன்று. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து, கடிகாரத்தைப் பார்க்கிறேன். ஊறிய தட்டைப்பயறுக்கு ஐந்து நிமிடமும், மொச்சைக்குப் பன்னிரண்டும், கறுப்புக் கொண்டைக்கடலைக்கு இருபதும் எங்கள் அடுப்பில் சரியாக இருக்கின்றன. குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. ஒருமுறை சுண்டலுக்கு அவசரமாகத் தட்டைப்பயறை விளிம்புவரை நிரப்பி வைத்ததில், நுரை பொங்கி விசில் குழாயில் தோல் அடைத்து, சேஃப்டி வால்வு வெடித்துப் பயறு கூரை ஓட்டில் போய் ஒட்டியது. அதன்பின் ஒரு கரண்டி எண்ணெய் விடாமல் பயறு வைப்பதில்லை.

கோடையில் ஊறவைப்பதற்கும் இங்கே தனிப் பக்குவம் வேண்டும். மே மாத இரவுப் புழுக்கத்தில் எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால் தண்ணீர் நுரைத்துப் புளித்த வாடை அடிக்கிறது. நடுவில் ஒருமுறை தண்ணீரை மாற்றிவிடுவேன். மொச்சை ஊறிய நீரை எப்போதுமே இறுத்துக் கொட்டிவிடுவோம்.

பழைய பயறு என்பது தனித் தொல்லை. கடற்கரையின் ஈரக்காற்றிலும் வெப்பத்திலும் ஓராண்டுக்கு மேல் கிடந்த பயறு, எவ்வளவு நல்ல தண்ணீர் விட்டாலும் முழுதாகக் குழைவதில்லை. கடைக்காரரிடம் கேட்டால் எல்லாமே புதுவரவுதான். நான் தை, மாசியில் ஒரு வருடத் தேவைக்கு வாங்கி, இரண்டு வெயில் காயவைத்து, காற்றுப்புகாத தகரத்தில் நான்கைந்து குண்டு மிளகாய் வற்றலோடு போட்டு வைக்கிறேன். வண்டு விழுந்துவிடும் என்ற ஐயம் இருந்தால் சில நாட்கள் ஃப்ரீசரில் வைத்தால் போதும்.

ராஜ்மாவில் ஒரு பாடம் வேண்டாத விதமாகக் கிடைத்தது. எரிவாயுவை மிச்சப்படுத்தலாமே என்று ஊறிய ராஜ்மாவை ஒரு கொதி மட்டும் விட்டு, வாய் அகன்ற ஃபிளாஸ்க்கில் ஊற்றி இரவு முழுக்க மூடி வைத்தேன். தட்டைப்பயறில் அந்த உபாயம் அழகாகப் பலித்திருந்தது. ராஜ்மாவும் பார்வைக்கு வெந்ததுபோல்தான் இருந்தது. உண்ட மூன்று மணி நேரத்துக்குள் நானும் என் கணவரும் மாறி மாறி வாந்தி எடுத்தோம். ராஜ்மாவில் உள்ள லெக்டின் என்னும் நச்சு, குறைந்தது பத்து நிமிடமாவது நன்றாகக் கொதித்தால்தான் அழியும். ஃபிளாஸ்க்கின் இளஞ்சூட்டில் அழியாது என்பதைப் பின்னர்தான் படித்தேன். ராஜ்மாவுக்கு இனிக் குக்கர் மட்டுமே.

புளியையும் தக்காளியையும் பயறு முழுக்க வெந்தபின்தான் சேர்க்க வேண்டும். முக்கால் வேக்காட்டு மொச்சையைப் புளிக்கரைசலில் போட்டுவிட்டு, குழம்பு கொதிக்கையில் வெந்துவிடும் என்று காத்திருந்த நாட்கள் எனக்கு உண்டு. புளிப்பு ஏறியபின் அது இம்மியும் இளகுவதில்லை. இப்போது வெந்த மொச்சையைத் தனியே வைத்துக்கொண்டு, குண்டு மிளகாய் அரைத்த குழம்பு கொதித்து எண்ணெய் பிரிந்ததும் மொச்சை, கத்தரிக்காய், கழுவிய நெத்திலிக் கருவாடு என்ற வரிசையில் போடுகிறேன்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து ஊருணி நிறைந்தால் பங்குனி வரை கவலையில்லை. அதன்பின் தள்ளுவண்டிக் குடங்களில் ஒன்றைப் பயறுக்கென்று அடுப்படியில் தனியே மூடி வைக்கிறேன். அதில் கைகழுவினால் மாமியார் விடமாட்டார். கொள்ளு மட்டும் எந்தத் தண்ணீரிலும் என்னிடம் முழுதாகக் குழைந்ததில்லை. அரை மணி நேரம் வைத்து, வடித்த நீரை ரசத்துக்கு எடுத்துக்கொண்டு, மீந்த பயறை அம்மியில் ஒரு நசுக்கு நசுக்கித் துவையலாக்கிவிடுகிறோம்.