ஹேட்ரியன் சுவர்: ஒரே நாளில் எந்தப் பகுதியைப் பார்ப்பது?

இங்கிலாந்தின் வடபகுதியில் வால்ஸெண்டிலிருந்து சோல்வே கழிமுகத்தின் கரையிலுள்ள போனெஸ் வரை ஏறத்தாழ 117 கி.மீ. நீளத்துக்கு, ரோமானியப் பேரரசர் ஹேட்ரியனின் ஆணைப்படி கி.பி. 122-இல் தொடங்கிக் கட்டப்பட்ட எல்லைச் சுவரான ஹேட்ரியன் சுவரை முழுவதும் நடந்து பார்க்க ஒரு வாரமாவது வேண்டும். ஒரு நாள் மட்டுமே உள்ளவர் நடுப்பகுதிக்குத்தான் போக வேண்டும். கிழக்கே 18-ஆம் நூற்றாண்டில் சுவரை இடித்து, பல இடங்களில் அதன் மேலேயே ராணுவச் சாலை போட்டுவிட்டார்கள். மேற்குக் கோடியில் சுவர் கண்ணில் படுவதே அரிது. நடுப்பகுதியில் ஸ்டீல் ரிக்–ஹவுஸ்டெட்ஸ், வால்டவுன், பேர்டாஸ்வால்ட் என்னும் மூன்று இடங்களே ஒன்றோடொன்று ஒப்பிடத் தக்கவை.

படங்களில் நாம் அடிக்கடி காண்பது முதலாவதைத்தான். எரிமலைக் குழம்பு நிலத்தடியில் இறுகி உருவான கரும்பாறைத் தொடர் வடக்கு நோக்கிச் செங்குத்தாக நிற்க, அதன் விளிம்பிலேயே சுவர் ஏறி இறங்கிச் செல்கிறது. கீழே கிராக் லாக் என்ற ஏரி கிடக்கிறது. சுமார் 5 கி.மீ. தொலைவுதான் என்றாலும், செங்குத்தான கற்படிகளில் திரும்பத் திரும்ப ஏறி இறங்க வேண்டியிருப்பதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு இது ஏற்றதன்று. இவ்வழியில் ஒரு பள்ளத்தில் தனித்து நின்ற புகழ்பெற்ற சைக்கமோர் மரத்தை 2023 செப்டம்பரில் இரவோடிரவாக வெட்டி வீழ்த்தினார்கள். அடிமரம் மறுபடி துளிர்த்திருக்கிறது. மரத்துக்காக மட்டுமே அங்கு போக நினைத்தவர்கள் ஏமாறலாம். நிலக்காட்சிக்கு எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

இவ்வழி முடியும் ஹவுஸ்டெட்ஸ் கோட்டையில் தவறவிடக் கூடாதது படைவீரர்களின் கழிப்பறை. ஆழமான சாக்கடைக்கு மேல் இருபுறமும் இருக்கைகள் இருந்திருக்கின்றன. உட்கார்ந்தவர்களின் காலடியில், கழுவப் பயன்பட்ட கடற்பஞ்சை அலசுவதற்கான சிறிய நீரோடை கல்லில் வெட்டப்பட்டிருக்கிறது. கோட்டைக்குக் கட்டணம் உண்டு, சுவரோரம் நடக்கக் கிடையாது. ஆனால் ஒன்றை அறிந்துகொண்டு போவது நல்லது. இப்பகுதியில் நாம் காணும் சுவரின் பெரும்பங்கு, 19-ஆம் நூற்றாண்டில் இந்நிலங்களை விலைக்கு வாங்கிச் சுவரைக் காப்பாற்றிய ஜான் கிளேட்டன் என்பவரின் ஆட்கள் சாந்தில்லாமல் மீண்டும் அடுக்கி, மேலே புல்கரணை, அதாவது புல்லோடு பெயர்த்தெடுத்த மண்கட்டி, வைத்தது. கற்கள்தான் ரோமானியருடையவை.

ரோமானியக் கட்டுமானத்தையே பார்க்க விரும்புபவருக்குப் பேர்டாஸ்வால்ட் பொருத்தமானது. கோட்டையிலிருந்து கிழக்கே சுவர் நீண்ட தூரம் அறுபடாமல் நிற்கிறது. நிலமும் பெரும்பாலும் சமதளம். இர்திங் ஆற்றுக்கு இறங்கி அக்கரையிலுள்ள வில்லோஃபோர்டுக்குப் போனால், ரோமானியப் பாலத்தின் கரைத்தாங்கி இன்று தண்ணீரே இல்லாத வயலில் நிற்பதைக் காணலாம், ஏனெனில் ஆறு மேற்கே நகர்ந்துவிட்டது. அங்கேயே, அகலமாகப் போட்ட அடித்தளத்தின் மேல் ஒடுக்கமான சுவர் எழுந்திருப்பதும் தெளிவாகத் தெரிகிறது. வேலை நடுவே திட்டத்தை மாற்றியிருக்கிறார்கள். ஆற்றுக்கு மேற்கே முதலில் கட்டியது கல்சுவரே அன்று, புல்கரணைகளை அடுக்கி எழுப்பிய மண்சுவர்.

வால்டவுன் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. கரும்பாறை விளிம்பும் உண்டு, சீரமைத்த சுவரும் உண்டு, சுவருக்கு முன்பே எழுந்து பின்னர் அதனோடு இணைக்கப்பட்ட ஒரு காவற்கோபுரமும் உண்டு, நடையும் குறைவு. பிற்காலக் கல்லுடைப்பு சுவரின் ஒரு துண்டை விழுங்கிவிட்டது. குழந்தைகளோடு செல்பவர்கள், பக்கத்திலேயே ரோமானியப் படை அருங்காட்சியகமும் இருப்பதால், இதையே தேர்ந்தெடுக்கலாம்.

என் தேர்வு ஸ்டீல் ரிக்தான். கட்டடக் கலையை ஊன்றிப் பார்ப்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். ஆயினும், பேரரசு இந்த இடத்தில் ஏன் எல்லை வகுத்தது என்பது வேறெங்கும் இவ்வளவு தெளிவாக விளங்குவதில்லை. மேற்கிலிருந்து கிழக்காக நடந்தால் பெரும்பாலும் காற்று முதுகில் அடிக்கும். காரை ஸ்டீல் ரிக்கில் விட்டுவிட்டு, கோடைப் பருவத்தில் ஓடும் ஏடி 122 பேருந்தில் ஹவுஸ்டெட்ஸிலிருந்து திரும்பலாம். அது எந்த மாதங்களில் ஓடுகிறது என்பதை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளாவிட்டால் அத்தனை ஏற்றங்களையும் எதிர்க்காற்றில் மறுபடி ஏற வேண்டியிருக்கும்.