இலக்கப் பட்டியலா, இரகசியக் குறியீடா?

ஹட்டன் பக்கத்துத் தோட்டக் காரியாலயம் ஒன்றில் வெளிநாட்டு அழைப்புகளை மறிக்க, அங்குள்ள தொலைபேசித் தொகுதியில் (உள் தொலைபேசிகளை வெளி இணைப்புடன் சேர்க்கும் கருவியில்) 00 எனத் தொடங்கும் இலக்கங்களைத் தடுத்தால் போதும். ஆனால் லண்டனிலுள்ள தேயிலைக் கொள்வனவாளருடன் பேச வேண்டியவருக்கு விலக்களிக்க இரு வழிகள் உண்டு.

முதலாவது, அனுமதிக்கப்பட்ட இலக்கங்களின் பட்டியல். அழைக்கும் இலக்கத்துக்குப் பல விதிகள் பொருந்தும்போது, சில தொகுதிகள் மிக அதிக இலக்கங்கள் பொருந்தும் விதியையும், வேறு சில மேலிருந்து முதலில் பொருந்தும் விதியையும் ஏற்பதால், விலக்கைத் தடைக்கு மேலே எழுதுவதே பாதுகாப்பானது. 0044 என்று மட்டும் பதிந்தால் பிரித்தானியா முழுவதற்கும் வழி திறந்துவிடும் என்பதால், இலக்கத்தை முழுமையாகப் பதிய வேண்டும்.

இரண்டாவது, வெளிநாட்டு அழைப்புக்காகத் தொலைபேசியில் அழுத்த வேண்டிய, ஆளுக்கொரு இரகசியக் குறியீடு. அழைக்கும் இலக்கங்கள் அடிக்கடி மாறும் இடத்துக்கு இது வசதி. எவருடைய குறியீட்டில் அழைப்புப் போனது என்பதும் பதிவில் தெரியும். ஆயினும் குறியீடு மேசைக் கண்ணாடிக்கு அடியில் எழுதிவைக்கப்பட்டால் (நம் காரியாலயங்களில் அது நடவாததா?) அந்தப் பதிவுக்குப் பொருளில்லை.

நாலைந்து இலக்கங்களே தேவைப்படும் தோட்டத்துக்குப் பட்டியலையே நான் தெரிவு செய்வேன். எதுவாயினும், பொலிஸ் 119, அம்புலன்ஸ் 1990 ஆகியவை எந்தத் தொலைபேசியிலிருந்தும் குறியீடின்றிக் கிடைக்க வேண்டும்.