ஒரு வாரம், ஒரே பாட்டு: ஏழு வருட அனுபவம்

அதிகம் பேசப்படாத ஒரு பாட்டை எடுத்து ஒரு வாரம் முழுக்க அதையே கேட்பது. ஏழு வருடமாக இதுதான் என் பழக்கம். மேற்கத்திய இசையின் ராக், ப்ளூஸ், ஜாஸ், ஃபோக் (நாட்டுப்புறப் பாணி), எதுவானாலும் சரி, தினம் இரண்டு தடவையாவது கேட்ட பிறகுதான் பிடிக்கிறதா இல்லையா என்று முடிவு செய்வேன். ஹிட் பாட்டுகள் நாம் தேடாமலே நூறு தடவை காதில் விழுந்து மனப்பாடம் ஆகிவிடுகின்றன. மற்றவற்றுக்கு நாம் தருவது ஒரே ஒரு தடவை, அதுவும் பாதியிலேயே அடுத்ததுக்குத் தாவிவிடுகிறோம்.

ராக்கில் தொடங்கினேன். ஸாம்பீஸ் என்ற பிரிட்டிஷ் குழுவின் 1968 ஆல்பமான 'ஒடெஸி அண்ட் ஆரக்கிள்' என்றாலே எல்லோரும் 'டைம் ஆஃப் தி சீசன்' பற்றித்தான் பேசுவார்கள் (அதுவும் குழு கலைந்த பிறகு 1969இல்தான் ஹிட் ஆனது). என்னைப் பிடித்துக்கொண்டது அதே ஆல்பத்தின் 'எ ரோஸ் ஃபார் எமிலி'. டிரம்ஸ் கிடையாது, ஒரு பியானோவும் குரல்களும் மட்டும். முதல் இரண்டு நாள் அழகான சின்னப் பாட்டு, அவ்வளவுதான். நான்காம் நாள், கூடப் பாடும் குரல்கள் எங்கே வந்து சேர்கின்றன, எங்கே விலகி அந்த ஒற்றைக் குரலைத் தனியே விட்டுவிடுகின்றன என்று கவனித்தபோது தொண்டை அடைத்துவிட்டது.

ப்ளூஸுக்கு வந்ததும் அமெரிக்கப் பாடகர் ஸ்கிப் ஜேம்ஸ். 1931இல் விஸ்கான்சினில் உள்ள கிராஃப்டனில் பாரமவுண்ட் என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்காக அவர் பதிவு செய்ததில் இன்று நம்மிடம் இருப்பது 18 பாட்டுகள். பொருளாதாரம் சரிந்து கிடந்த காலம், இசைத்தட்டுகள் விற்கவில்லை, 1964இல் ரசிகர்கள் தேடிக் கண்டுபிடிக்கும்வரை அவர் எங்கே என்றே தெரியவில்லை. 'டெவில் காட் மை வுமன்' கேளுங்கள், கிடாரை டி மைனர் என்ற சோகச் சாயலுக்குச் சுருதி மாற்றி வைத்துக்கொண்டு உச்சக் குரலில் பாடுவார். ஒரு குறை, பழைய தட்டின் பொரியும் சத்தம். மூன்று நாளில் காது பழகிவிடும். இரைச்சலை அளவுக்கு மீறித் துடைத்த பதிப்பு மட்டும் வேண்டாம், இரைச்சலோடு குரலின் உயிரும் போய்விடுகிறது.

ஃபோக்கில் ஆங்கிலப் பாடகி வஷ்டி பன்யன். குதிரை வண்டியில் ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவை நோக்கிப் போன பயணத்தில் பிறந்த பாட்டுகள், 1970இல் ஆல்பமாக வந்து விற்காமல் போய், அவர் பாடுவதையே விட்டுவிட்டார். 2000இல் மறுவெளியீடு, அடுத்த ஆல்பம் 2005இல். அந்த மெல்லிய குரலை இரவில், சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்பதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது.

ஜாஸ்தான் கடினம், ஒளிக்காமல் சொல்கிறேன். பியானோ கலைஞர் ஹெர்பி நிக்கோல்ஸ் 1955, 56இல் ப்ளூ நோட் என்ற ஜாஸ் இசைத்தட்டுக் கம்பெனிக்காகச் செய்த பதிவுகளில் ஆர்ட் பிளேக்கி, மேக்ஸ் ரோச் என்று டிரம்ஸ் மேதைகளே வாசித்திருக்கிறார்கள், ஆனாலும் 1963இல் 44 வயதில் அவர் இறந்தபோது பெரிதாக யாருக்கும் தெரியாது. அவருடைய 'ஹவுஸ் பார்ட்டி ஸ்டார்ட்டிங்' பெயரைப் பார்த்துக் கொண்டாட்டத்தை எதிர்பார்த்தால், மெட்டு தயங்கித் தயங்கி வரும். ஒரு வாரம் போதவில்லை. அப்புறம் ஒரு வழி கண்டேன், ஒரு நாளைக்கு ஒரு வாத்தியத்தை மட்டும் பின்தொடர்வது. பேஸை (கனத்த கீழ்ஸ்தாயித் தந்தி வாத்தியம்) மட்டும் கேட்ட அன்றுதான் அந்தத் தயக்கம் எவ்வளவு யோசித்துச் செய்தது என்று புரிந்தது.

சில பாட்டுகள் ஏழு நாள் கழித்தும் திறக்கவே இல்லை, அதையும் சொல்லியாக வேண்டும். அவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்து அடுத்த வருடம் திரும்ப எடுக்கிறேன். நிக்கோல்ஸ் அப்படி மூன்றாவது தடவையாக இந்த வாரம் வந்திருக்கிறார், இந்த முறை டிரம்ஸ் மட்டும்.