வேலூர் வெயிலுக்கு ஏகே400 கூலர், சிஎக்ஸ்650 எஸ்எம்பிஎஸ்: ஒரு வருஷம் ஓட்டிப் பாத்தாச்சு

முதல்லயே சொல்லிடறேன், இது கம்ப்யூட்டர் ப்ராசஸரக் குளிர வைக்கற கூலருக்கும், மெஷினுக்குக் கரன்ட் பிரிச்சுக் குடுக்கற எஸ்எம்பிஎஸ் டப்பாவுக்கும் எழுதற ரிவ்யூ, ஆனா கேமிங் ஆளுங்களுக்கு இல்ல. நான் கல்யாண வீடியோ எடிட் பண்றவன், வேலூர்ல மொட்டை மாடிக்கு நேர் கீழ இருக்கற ரூம், ஏசி கிடையாது, கத்திரி வெயில்ல சாயங்காலம் ஆறு மணிக்கும் ரூம்ல 37, 38 டிகிரி இருக்கும், சுவத்துல கை வெச்சா தோசைக்கல்லு மாதிரி சுடும். இப்படி ஒரு ரூம்ல உக்காந்து எவனும் கூலர் ரிவ்யூ போடறது இல்ல, அதான் நானே எழுதறேன்.

மெஷின் நானே அசெம்பிள் பண்ணது. ரைசன் 5 5600 ப்ராசஸர், 32 ஜிபி ரேம், ஆர்டிஎக்ஸ் 3060 12 ஜிபி கிராஃபிக்ஸ் கார்டு. சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு நாள் பூரா அலைஞ்சு வாங்கினேன், ப்ராசஸருக்கும் கார்டுக்கும் நூறு ரூபாய்க்கு பேரம் பேசி பேசி கடைசில கையில காசு கரைஞ்சு போச்சு, அப்புறம் கேபினெட்னு கேட்டப்போ கடைக்காரர் "ப்ரோ இதுல 500 வாட் எஸ்எம்பிஎஸ் உள்ளயே வருது, தனியா வாங்க வேணாம்"னு முன்னாடி கண்ணாடி போட்ட, கலர் கலரா லைட் எரியற ஒரு கேபினெட்ட எடுத்து வெச்சாரு. ஆஹா மிச்சம்னு நானும் தூக்கிட்டு வந்துட்டேன். கூலர், ப்ராசஸர் டப்பாவுலயே வர்ற குட்டி ஸ்டெல்த் கூலர் தான்.

ஆறு மாசம் ஒண்ணும் பிரச்சனை இல்ல. வைகாசி முகூர்த்த சீசன்ல தான் ஆரம்பிச்சுது. ரிசப்ஷன் ஃபுட்டேஜ், லைட்டு கம்மியா எடுத்தது, ரிசால்வ்ங்கற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல, படத்துல புள்ளி புள்ளியா தெரியறத எடுக்கற நாய்ஸ் ரிடக்‌ஷன் போட்டு ரெண்டர் (எடிட் பண்ணத முழு வீடியோவா உருவாக்கறது) விட்டா பத்தாவது நிமிஷம் டப்புனு ஆஃப். ப்ளூ ஸ்க்ரீன் எதுவும் இல்ல, ஸ்விட்ச்ச ஆஃப் பண்ண மாதிரி இருட்டு. மறுபடி ஆன் பண்ணி மெஷின்ல நடந்தத விண்டோஸ் எழுதி வெக்கற ஈவென்ட் வியூவர்ல பாத்தா கெர்னல் பவர் 41னு ஒரு வரி, அதுக்கு அர்த்தம் கரன்ட் போன மாதிரி மெஷின் நின்னுச்சுங்கறது தான், ஏன் நின்னுச்சுன்னு அது சொல்லாது.

சூடுதான் காரணம்னு நெனச்சேன், ஏன்னா ப்ராசஸர் 90 டிகிரி காட்டுச்சு, 5600க்கு கம்பெனி சொல்ற உச்சமே அந்த 90 தான். ஸ்டெல்த் கூலர் ஃபேன் போடற சத்தத்துல கீழ் வீட்டுல இருந்து எங்கம்மா "டேய் மிக்சி ஓடுதாடா மேல"னு கேட்டாங்க. சரினு டீப்கூல் ஏகே400 ஆர்டர் போட்டேன், அப்போ 2,400 ரூபாய் சொச்சம்.

ஏகே400 பத்தி சொல்றேன். சூட்டக் கடத்தற நாலு ஹீட் பைப், ஒரு 120 எம்எம் ஃபேன், உயரம் 155 எம்எம், அதனால வாங்கறதுக்கு முன்னாடி கேபினெட் அகலம் பாத்துக்கோங்க, ஒல்லி கேபினெட்ல சைடு கதவு மூடாது. மாட்டறது கஷ்டம் இல்ல ஆனா ஏஎம்4 (5600 உக்கார்ற சாக்கெட் வகை) போர்டுல நாலு ஸ்க்ரூவையும் ஒரேடியா கழட்டினா பின்னாடி இருக்கற பிளேட் தொபுக்கடீர்னு விழும், ஒரு கையால அதைப் பிடிச்சுக்கிட்டே கழட்டணும், இல்ல போர்டைப் படுக்க வெச்சுட்டுப் பண்ணணும். இன்னொரு முக்கியமான விஷயம், பழைய கூலர ஜில்லுனு இருக்கறப்போ நேரா மேல இழுக்காதீங்க. ப்ராசஸருக்கும் கூலருக்கும் நடுவுல தடவற தெர்மல் பேஸ்ட் காய்ஞ்சு ப்ராசஸர் கூலரோட ஒட்டிக்கிட்டு சாக்கெட்ல இருந்து பிடுங்கிட்டு வந்துடும், ஏஎம்4ல பின் எல்லாம் ப்ராசஸர்ல தான் இருக்கு, வளைஞ்சா அவ்ளோதான். பத்து நிமிஷம் ரெண்டர் விட்டு சூடாக்கிட்டு, ஆஃப் பண்ணி, ஒயரப் பிடுங்கிட்டு, லேசா இடமும் வலமும் திருகிக் கழட்டணும். நான் திருகித்தான் கழட்டினேன், அப்பவும் உயிர் கையில தான் இருந்துச்சு.

ரிசல்ட்: அதே ரூம், அதே ரெண்டர், 90ல முட்டிக்கிட்டு இருந்தது 76, 77ல நின்னுச்சு. யூட்யூப்ல இதே கூலருக்கு 62, 63னு காட்டறாங்களேனு கேக்காதீங்க, அவங்க ரூம் 24 டிகிரி நம்ம ரூம் 37. காத்துல ஓடற கூலரு எதுவா இருந்தாலும் ரூம் சூட்டுக்கு மேல எத்தன டிகிரிங்கறது தான் அதோட திறமை, அந்த 13 டிகிரிய நாம தான் கூட்டிக்கணும். வாட்டர் கூலர் போட்டாலும் இதே கதைதான், கடைசில அதுவும் ரூம் காத்துல தான சூட்டக் கொட்டணும். 5600 மாதிரி 76 வாட்ட தாண்டாத ப்ராசஸருக்கு வாட்டர் கூலர்லாம் என்னைக் கேட்டா வெட்டிச் செலவு.

சந்தோஷமா ரெண்டர் விட்டேன். பன்னெண்டாவது நிமிஷம் டப்பு!

அப்பதான் புத்தி வந்துச்சு. ப்ராசஸர் சூடானா முதல்ல வேகத்தைக் குறைச்சுக்கும், அதாவது ரெண்டர் மெதுவாகும், 77 டிகிரில எல்லாம் ஆஃப் ஆகாது. அப்போ ஆளு வேற. கேபினெட்டத் திறந்து அந்த ஃப்ரீ எஸ்எம்பிஎஸ்ஸோட லேபிள முதல் தடவையா உருப்படியா படிச்சேன், பெருசா 500னு போட்டிருக்கான், கீழ பொடி எழுத்துல 12 வோல்ட் 18 ஆம்ப். பெருக்கிப் பாருங்க, 216 வாட். கார்டு மட்டும் 170 வாட், ப்ராசஸர் 76, அதுவே 246 ஆச்சு, போர்டு டிஸ்க் ஃபேன் எல்லாம் இன்னும் சேக்கவே இல்ல. இன்னிக்கு மெஷின்ல ப்ராசஸரும் கார்டும் திங்கறது எல்லாமே 12 வோல்ட்ல தான், மத்த 3.3, 5 வோல்ட் கணக்கெல்லாம் கூட்டி 500னு போட்டா அது நமக்கு எதுக்கு. அதுவும் பத்தலைனு கார்டுக்கு போற 8 பின் ஒயரே அதுல கிடையாது, கடையில குடுத்த, பழைய மோலக்ஸ் ஒயர 8 பின்னா மாத்தற கன்வெர்ட்டர் போட்டு ஓட்டிருக்கேன், கழட்டிப் பாத்தா வெள்ளை கனெக்டர் ஓரமா பழுப்பாயிருக்கு. நல்லவேளை பத்திக்கல.

அப்புறம் தான் கோர்சேர் சிஎக்ஸ்650 எஸ்எம்பிஎஸ் வாங்கினேன், அப்போ 5,300 ரூபாய். ஏன் 650? கார்டோட சிப் கம்பெனி என்விடியா 3060க்கு சொல்றது 550 வாட் எஸ்எம்பிஎஸ், என் மெஷின் முழு லோடுல மொத்தமா சுமார் 300 வாட், ஆனா இந்தக் கார்டுங்க ஒரு நொடியில ஆயிரத்துல சில பங்கு நேரத்துக்கு 170ஐ விட ரொம்ப மேல குதிக்கும், அந்தக் குதிப்பத் தாங்கணும், நாளைக்கு கார்டு மாத்தினாலும் தாங்கணும். இது கிட்டத்தட்ட முழு வாட்டையும் 12 வோல்ட்லயே குடுக்கும், 80 ப்ளஸ் ப்ரான்ஸ், அஞ்சு வருஷ வாரன்டி. கடையில "ப்ரோ 850 கோல்டு போட்டுக்கோங்க, ஃப்யூச்சர் ப்ரூஃப்"னாங்க, வேணாம்னுட்டேன், அந்தக் காசுல நான் ஹார்டு டிஸ்க் வாங்குவேன். ப்ரான்ஸ் கோல்டுங்கறது எவ்ளோ கரன்ட்ட சூடா வீணாக்காம குடுக்குதுங்கற கணக்கு, ப்ரான்ஸ்னா பாதி லோடுல 85 சதவீதம், அதாவது 300 வாட் உள்ள போக சுவத்துல இருந்து 350 சொச்சம் இழுக்கும், மிச்ச 50 வாட் சூடா என் ரூமுக்குள்ள தான் வரும். உள்ள போட்ட சாமான் தரமானதாங்கறதுக்கு அந்த ஸ்டிக்கர் கேரன்டி இல்ல, அதுக்குப் பிரிச்சுப் போட்டு டெஸ்ட் பண்றவங்க ரிவ்யூ தான் பாக்கணும்.

மாட்டினதுல இருந்து ஒரு தடவை கூட ரெண்டர் நடுவுல நிக்கல. ஒரு வருஷம் ஆச்சு, நாலு மணி நேரம் அஞ்சு மணி நேரம் விட்டுட்டு தூங்கப் போறேன்.

குறைனு சொன்னா ஒயர் எல்லாம் சேந்தே வருது, தனியா கழட்ட முடியாது, தேவையில்லாத ஒயர பின்னாடி திணிச்சு முட்டியால அமுத்தித்தான் கதவ மூடறேன். இன்னொண்ணு இதோட குறை இல்ல, எங்க வீட்டு இன்வெர்ட்டரோட குறை. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர், கரன்ட் போனா பழைய டப்பா எஸ்எம்பிஎஸ் எப்படியோ ஓடும், இது உய்ய்னு ஒரு சத்தம் போட்டுட்டு நின்னுடுச்சு. இது மாதிரி ஆக்டிவ் பிஎஃப்சி (சுவத்துக் கரன்ட்ட சீரா இழுக்க வைக்கற சர்க்யூட்) இருக்கற எஸ்எம்பிஎஸ்ஸுக்கு ஒழுங்கான சைன் வேவ் தான் சரி, அதனால இன்வெர்ட்டரையும் மாத்த வேண்டியதாப் போச்சு, அது தனிச் செலவு. வாங்கினவங்க இன்வெர்ட்டர் பின்னாடி இருக்கற ஸ்விட்ச்ச யுபிஎஸ் மோடுல வையுங்க, சாதா மோடுல கரன்ட் மாறற இடைவெளி அதிகம், மெஷின் ரீஸ்டார்ட் ஆகும். எர்த்திங்கும் பாத்துக்கோங்க, கேபினெட்டத் தொட்டா சுள்ளுனு இழுத்தா எஸ்எம்பிஎஸ்ஸத் திட்டாதீங்க, ப்ளக் பாயின்ட்ல எர்த் இருக்கானு எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டு செக் பண்ணுங்க, எங்க வீட்டுல மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இல்ல.

அந்த லைட்டு கேபினெட் கதையும் பாக்கி இருக்கு. புது கூலர் புது எஸ்எம்பிஎஸ் எல்லாம் போட்டும் கார்டு 82 டிகிரிக்கு கீழ வரல. ஒரு நாள் கடுப்புல முன்னாடி கண்ணாடியப் பிடுங்கி ஓரமா வெச்சுட்டு ரெண்டர் விட்டேன், கார்டு 75, ப்ராசஸர் 71. மூணு ஃபேனும் கண்ணாடிக்குப் பின்னாடி மூச்சு முட்டிக்கிட்டு சும்மா சுத்திக்கிட்டு இருந்திருக்கு. காசே செலவில்லாம கெடச்ச கூலிங் இதுதான், இத முதல்லயே பண்ணிருக்கலாம். இப்போ கண்ணாடி இருந்த இடத்துல கொசுவலைத் துணிய ஃப்ரேம் அளவுக்கு வெட்டி ஒட்டிருக்கேன், பாக்க கேவலமாத்தான் இருக்கு. நீங்க புதுசா வாங்கறதுன்னா முன்னாடி மெஷ் வெச்ச கேபினெட்டா எஸ்எம்பிஎஸ் இல்லாம வாங்குங்க.

தூசிதான் பெரிய தொல்லை. ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா மாடிக்குத் தூக்கிட்டுப் போய் ப்ளோவர் அடிக்கறேன், ஃபேன ஒரு விரலால சுத்தாமப் பிடிச்சுக்கிட்டு. போன தடவை காயப்போட்ட வத்தல் மேல மொத்தத் தூசியும் போய், ஒரு வாரம் வீட்டுல பேச்சு வார்த்தை இல்ல.